மணலில் புதைகிறது, முள் ஏறுகிறது, மட்கார்டில் உரசுகிறது: கடற்கரை வண்டிக்கு டயரும் ரிம்மும்

இராமநாதபுரம் கடற்கரையில் ஓடும் வண்டி ஒரே நாளில் நான்கு வகைத் தரையைப் பார்த்துவிடும். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார். அங்கிருந்து கரைக்கு இறங்கினால் கணுக்கால் புதையும் மணல். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் போனால் காலைப் பிடித்து இழுக்கும் சேறு. சாயல்குடியில் உள்ளே திரும்பினால் கரிசல். போதாததற்கு எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள். மலைக்கும் பாறைக்கும் ஏற்றது என்று படத்தில் பார்த்துப் பிடித்துப்போன டயர், இந்தத் தரைக்கு வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பல வருடம் ஒரு மஹிந்திரா பொலிரோ, அதற்குப் பிறகு ஒரு மஹிந்திரா தார் ஜீப் என்று இந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "அண்ணே, டயர் சைஸ் ஏத்தலாம்னு இருக்கேன்" என்று யாராவது வந்தால், வண்டி இப்போது என்ன செய்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலான குறைகள் காற்றைச் சரிசெய்தாலே போய்விடும். கொஞ்சம் குறைகளுக்கு டயரின் வகையை மாற்ற வேண்டும். சைஸை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை அபூர்வம். இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால் காசும் மிஞ்சும், வண்டியும் கெடாது.

முதலில் எண்களைப் படித்துவிடுவோம்

தார் ஜீப் டயரின் பக்கச்சுவரில் 245/75 ஆர்16 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 75 சதவீதம், அதாவது 184 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவரை இரண்டு மடங்காக்கி, ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்டினால் டயரின் முழு உயரம் வந்துவிடும். இதற்கு 774 மி.மீ. இதே கணக்கில் பொலிரோவின் 215/75 ஆர்15 சுமார் 704 மி.மீ., மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15 சுமார் 693 மி.மீ., தாரில் வரும் இன்னொரு சைஸான 255/65 ஆர்18 சுமார் 789 மி.மீ.

தாரின் அந்த இரண்டு சைஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழு உயரத்தில் வித்தியாசம் 15 மி.மீ.தான், 2 சதவீதம். 18 அங்குல ரிம் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதன் பக்கச்சுவர் 166 மி.மீ.; 16 அங்குலத்துக்கு 184. மணலில் காற்றைக் குறைக்கும்போது வளைந்து கொடுத்து டயரைப் பரப்புவது பக்கச்சுவர்தான். கல்லில் மோதினால் ரிம்மைக் காப்பாற்றுவதும் அதுதான். அதனால் இந்தக் கரைக்கு வண்டி எடுப்பவர் என்னிடம் கேட்டால் சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர் என்றே சொல்வேன்.

சைஸுக்கு அடுத்து 104எஸ், 112டி என்ற மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் தாங்கும் எடை, எழுத்து வேகம். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும்; 104 என்றால் 900; 112 என்றால் 1120. மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றுகிற வண்டியில் இந்த எண் குறைந்துவிடக்கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி சொல்லும் சைஸும் காற்றும் அதில் இருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

மணலில் இறங்கினால் புதைந்துவிடுகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இது. அரியமான், பெரியபட்டினம், வாலிநோக்கம் என்று எந்தக் கரைக்குப் போகும் மணல் பாதையானாலும் கதை ஒன்றுதான். முன் சக்கரம் இறங்கும், ஆக்சிலரேட்டரை மிதிப்பார், பின் சக்கரம் குழி பறிக்கும், வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். உடனே வரும் முடிவு, "டயர் சின்னது, பெரிசு போடணும்."

டயரில் என்ன காற்று இருந்தது என்று கேளுங்கள். தார் ரோட்டில் ஓட்டிய அதே 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்பார்கள். அதை 18-க்குக் கொண்டுவந்தால், அதே டயர், அதே மணல், வண்டி போய்விடும். காற்றுக் குறையும்போது டயர் தரையைத் தொடும் இடம் நீளவாக்கில் பெருகுகிறது. அகலத்தில் கூடுவது கொஞ்சம்தான். ஒட்டகத்தின் பாதம் மாதிரி எடை பரவிவிடும். மணலை வெட்டி இறங்காமல் மேலேயே மிதந்து போகும்.

எவ்வளவு குறைக்கலாம்? சாதாரண மணலுக்கு 18. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மணல் மாவு மாதிரி உலர்ந்து குவிந்திருக்கும், அப்போது 15. அதற்குக் கீழே நான் இறங்குவதில்லை. ரிம்மின் விளிம்பைப் பிடித்திருக்கும் டயர் திருப்பத்தில் கழன்றுவிடும், நடுமணலில் அதை மறுபடி ஏற்றுவது பெரும் பாடு. காற்றுக் குறைத்தபின் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருங்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப நிரப்பிவிட வேண்டும். இதற்கு ஒரு நல்ல கேஜும், பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் போதும். நாலு புது டயருக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

காற்றுக் குறைத்தும் புதைகிறது என்றால் டயரின் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளைப் பாருங்கள். பெரிய பெரிய கட்டையாக, நடுவே அகலமான பள்ளம் விட்டு இருக்கிறதா? அது சேற்று டயர், எம்.டி. என்பார்கள். சேற்றைத் தோண்டி எறிவதற்காகச் செய்தது. மணலையும் அப்படியே தோண்டும். நம் மணலுக்கு ஏ.டி. எனப்படும் நடுத்தர வகை நல்லது. ரோட்டு டயர்கூட, காற்று சரியாக இருந்தால், எம்.டி.யைவிட மணலில் நன்றாகப் போகும். நம்பச் சிரமமாக இருக்கும். ஒரே மணலில் இரண்டு வண்டியையும் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

புதைந்தபின் ஒரு விஷயம் முக்கியம்: சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுற்றியதும் காலை எடுத்துவிடுங்கள். அதற்குமேல் மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் குழி ஆழமாகிறது. இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைத் தள்ளி, காற்றை 15-க்குக் கீழே போகாமல் இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுங்கள். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அது தாங்கும். பிடிமானத்துக்குச் சாக்கு, பழைய பாய், காய்ந்த பனையோலை எதையும் போடலாம். மட்டையோடு போடாதீர்கள். பனைமட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி. டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். நிறுத்த வேண்டியிருந்தால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்கவிடுங்கள். பிரேக் அடித்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் மணல் திட்டாகக் குவிந்துவிடும், அதன்மேல் ஏறித்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஈரப்பதத்தோடு இறுகியிருக்கும் மணல், பிற்பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் வண்டியை விழுங்கும். போகும்போது சுலபமாகப் போன பாதையில் திரும்பும்போது மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் ரோடு திறக்கும்வரை, யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பும் வேனும் மணலிலும் கடலோர ஈரத்திலும்தான் போய்வந்தன. அந்தக் காலத்துப் பழக்கத்தை நினைத்து இப்போதும் தனுஷ்கோடி மணலில் வண்டியை இறக்க ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரோடு இருக்கிறது. 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கரைகளில் ஆமை முட்டையிட வரும். டயர் ஏறினால் மணலுக்குள் இருக்கும் முட்டை போச்சு. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டில் ஏறினால் அந்தக் கொடி அறுந்து, அடுத்த கச்சானில் மேடே நகர்ந்துவிடும். கரைக்குப் போக ஊர்க்காரர்கள் ஓட்டும் தடம் எங்கும் இருக்கிறது, அதிலேயே போகலாம்.

அடிக்கடி முள் ஏறி பங்சர் ஆகிறது

சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் காய்ந்தால் ஆணிக்குச் சமம். கரிமூட்டம் போடும் இடம், விறகு வெட்டி ஏற்றிய தடம், கண்மாய்க் கரை, வேலி வெட்டிப் போட்ட ஓரம், எல்லாமே ஆபத்தான இடங்கள். இதற்கும் டயர் உயரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அகலமான டயர் போட்டால் இன்னும் கொஞ்சம் அதிக முள்ளைத்தான் மிதிப்பீர்கள்.

பங்சர் எங்கே ஆகிறது என்று பாருங்கள். பட்டன் பக்கம் ஆகிறது என்றால் பட்டன் ஆழத்தை அளக்க வேண்டும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் சின்ன மேடாக ஒரு குறி இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் முள்காட்டில் ஓடும் வண்டிக்கு நான் 4 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். ரப்பர் மெலிந்தால் முன்பு வெளியிலேயே முறிந்த முள் இப்போது உள்ளே போகிறது.

பக்கச்சுவரில் ஏறுகிறது என்றால் டயரின் வகையைத்தான் மாற்ற வேண்டும். பக்கச்சுவர் பங்சரை ஒட்டி ஓட்டக்கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் வளைகிறது; ஒட்டு பிடிக்காது, வேகத்தில் வெடித்துவிடும். எந்த பங்சர் கடை ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்தமுறை டயர் வாங்கும்போது அதே சைஸில், பக்கச்சுவரில் மூன்று அடுக்கு இருப்பதைக் கேளுங்கள். எத்தனை அடுக்கு என்பது டயரிலேயே பொறித்திருக்கும். கொஞ்சம் எடை கூடும், தார் ரோட்டில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். முள்காட்டுக்கு அந்த விலை கொடுக்கலாம்.

முள்ளில் இன்னொரு தொல்லை, அது முறிந்து உள்ளேயே நின்றுவிடும். ட்யூப்லெஸ் டயரில் முள்ளே அடைப்பாக இருந்து ஒரு நாள், இரண்டு நாள் காற்றைப் பிடித்து வைக்கும். அப்புறம் ஒரு காலையில் டயர் சாய்ந்திருக்கும். ஆகவே முள் தடத்தில் போய்வந்த அன்று இரவே நாலு டயரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தால் கடையில் டயரைக் கழற்றி உள்ளே கையால் தடவி, முனையை எடுத்துவிட்டு, உள்பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கயிறு சொருகுவது வீடு வந்து சேர்வதற்கான வழி மட்டும்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். முள் ஊருக்கு அது ஆகாது. ட்யூபில் முள் குத்தினால் காற்று ஒரே நேரத்தில் இறங்கிவிடும். உரசிச் சூடும் ஏறும்.

பங்சர் இல்லை, ஆனால் வாரத்துக்கு நாலு பி.எஸ்.ஐ. இறங்குகிறது

இது உப்பின் வேலை. உப்புக்காற்றும் கடல்நீரும் ரிம்மின் விளிம்பில், டயர் உட்காரும் இடத்தில் போய் வேலை செய்யும். இரும்பு ரிம்மில் துரு செதிலாக எழும்பும். அலாய் ரிம்மில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டிலுமே டயர் சரியாக ஒட்டி உட்காராது, காற்றுக் கசியும். புது டயர் வாங்கினாலும் கசிவு அப்படியே இருக்கும், ஏனென்றால் குறை ரிம்மில் இருக்கிறது.

டயரைப் படுக்கப் போட்டு விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை பொங்கும் இடம் தெரியும். டயரைக் கழற்றி, அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, விளிம்பில் தடவும் சீலரைத் தடவி ஏற்றினால் இரண்டு வருடம் தாங்கும். துரு குழி விழும் அளவுக்கு அரித்திருந்தால் ரிம்மை மாற்றுவதுதான் சரி.

அப்படி மாற்றும்போது இரும்பா, அலாயா? வண்டி நேரடியாகக் கரைக்குப் போய்ப் படகு ஏற்றி இறக்கும் வேலை செய்தால் இரும்பு ரிம். வளைந்தால் அடித்து நிமிர்த்தலாம், துரு வந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். அலாய் விரிசல் விட்டால் முடிந்தது. கரையோரம் குடியிருந்து தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அலாய் போதும், ஆனால் கீறல் விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது.

நுரை வால்வில் வந்தால் வால்வை மாற்றுங்கள். அலுமினிய வால்வுக்குப் பித்தளை மூடி போட்டால், அல்லது பித்தளை வால்வுக்கு அலுமினிய மூடி போட்டால், உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். திருகினால் வால்வே முறியும். பிளாஸ்டிக் மூடி ஐந்து ரூபாய், அதைப் போடுங்கள்.

பெரிய டயர் போட்டபின் திருப்பத்தில் உரசுகிறது

ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்டும் உரசுகிறதா, பள்ளத்தில் இறங்கும்போது உரசுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். சாக்பீஸால் டயர் ஓரத்தில் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தால் எங்கே அழிகிறது என்று தெரிந்துவிடும்.

முழுத் திருப்பத்தில் உரசினால் பெரும்பாலும் ஆஃப்செட் கோளாறு. ரிம் வண்டியில் ஒட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் உள்பக்கம் இ.டி. என்று பொறித்திருக்கும். உதாரணமாக, 7 அங்குல அகலம் இ.டி. 35 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு, 8 அங்குல அகலம் இ.டி. 10 உள்ளதைப் போடுகிறீர்கள். அகலம் கூடியதால் வெளிப்பக்கம் 13 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததால் 25 மி.மீ., ஆக மொத்தம் 38 மி.மீ. டயர் வெளியே வந்துவிடுகிறது. ஒரு விரல் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். திரும்பும்போது அந்த ஓரம்தான் பம்பரையும் மட்கார்டையும் தொடும். டயரை எவ்வளவு சின்னதாக்கினாலும் இது முழுதாகப் போகாது. கம்பெனி ஆஃப்செட்டுக்குத் திரும்பினால்தான் போகும்.

உள்பக்கம் உரசினால் அதற்கு மருந்து என்று, ஸ்பேசரை (ரிம்முக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தகடு) ஒரு கடையில் எனக்கே மாட்டி அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் முன் ஹப் பேரிங் கத்த ஆரம்பித்தது. சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக பேரிங்குக்கு நெம்புகோல் கூடுகிறது. கரைப் பாதையில் குதித்துக் குதித்துப் போகும்போது அது தாங்காது. கழற்றி வைத்தேன், மறுபடி போடவில்லை.

பள்ளத்தில் மட்டும் உரசினால் டயர் உயரம் கூடுதல். கம்பெனி உயரத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக இந்தத் தொல்லை வராது. பொலிரோவுக்கு அது 21 மி.மீ. ஜிம்னிக்கு 215/75 ஆர்15 போட்டால் கூடுவது 10 மி.மீ.தான், அது 1.5 சதவீதம். பொலிரோவுக்கு 235/75 ஆர்15 என்றால் 30 மி.மீ., 4 சதவீதம் தாண்டிவிடும்.

ரிம் வாங்கும்போது நட்டு வட்டமும், அதாவது நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். ஜிம்னிக்கு 5 நட்டு, 139.7 மி.மீ. வட்டம். "கொஞ்சம்தான் வித்தியாசம், இறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சக்கரம் கழன்று ஓடுவது இப்படித்தான். அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போது இந்தப் பேச்சு வரும். உங்கள் வண்டியின் வேறு மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் சைஸுக்குள் நின்றுகொண்டால் நிம்மதி.

இழுவை போய்விட்டது, கிளட்ச் நாறுகிறது, மைலேஜும் விழுந்துவிட்டது

என் மச்சான் பொலிரோவில் ஸ்பிரிங்கை உயர்த்தி 31×10.5 ஆர்15 போட்டார். அந்த டயரின் உயரம் 787 மி.மீ.; பழையது 704. 12 சதவீதம் கூடுதல். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் கரையில் ஐஸ் பெட்டியோடு கிளம்பும்போது முதல் கியரிலேயே கிளட்சை பாதி விட்டுப் பாதி பிடித்து ஓட்ட வேண்டியதாகிவிட்டது. "மாப்ள, எஞ்சின்ல ஏதோ கோளாறு" என்றார். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. சக்கரம் பெரிதானால் எல்லா கியரும் 12 சதவீதம் நீண்டுவிடும். எஞ்சின் அதே எடையை நீண்ட கம்பால் நெம்புகிற மாதிரி. டயரும் ஒவ்வொன்றும் பல கிலோ எடை கூடியிருக்கும், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

டயரால் மட்டும் தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்தது? கூடிய உயரத்தில் பாதிதான் கிடைக்கும்: 42 மி.மீ. அந்த 42 மி.மீ.க்குக் கொடுத்த விலை ஒரு கிளட்ச் பிளேட்.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பெரிய டயர் போட்டால் கிலோமீட்டர் மீட்டர் குறைவாகக் காட்டும். அவர் வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 89 தான் ஏறும். அந்த 89-ஐ டீசலால் வகுத்து மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்தினார். மீட்டர் காட்டுவதை 1.12-ஆல் பெருக்கிய பிறகு பார்த்தால் விழுந்தது பாதியளவுதான். இதே காரணத்தால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 67-இல் போகிறது. ஈசிஆரில் மாடு குறுக்கே வரும்போது அந்த 7 கிலோமீட்டர் பெரிய விஷயம்.

இதற்குத் தீர்வு பழைய சைஸுக்குத் திரும்புவது. அவரும் திரும்பினார்.

சேற்றில் வழுக்குகிறது

பாக் விரிகுடாப் பக்கக் கரை மன்னார் வளைகுடாப் பக்கம் மாதிரி கிடையாது. தேவிபட்டினத்திலிருந்து காரங்காடு, தொண்டி வரை அலை குறைவு, களி அதிகம். மேலே வெள்ளையாக, உலர்ந்து வெடித்து, கெட்டி மாதிரி தெரியும். உள்ளே அரை அடியில் குழைசேறு. காற்றைக் குறைத்து மிதக்கலாம் என்ற மணல் வித்தை இங்கே பாதிதான் பலிக்கும். அகலம் குறைந்த, பட்டன் ஆழமான டயர் சேற்றை வெட்டி அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும்; அடியில் கெட்டியே இல்லாத இடத்தில் எந்த டயரும் தொடாது. இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் குதிகால் புதையும் இடத்தில் வண்டி இறங்கினால் டிராக்டர் வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் இன்னொரு விதம். பட்டன் பள்ளமெல்லாம் களி அப்பி, நாலு சுற்றில் டயர் மொட்டையாகிவிடும். எம்.டி. டயர் உண்மையில் பயன்படுவது இங்கேதான். வருடத்தில் இரண்டு மாதம் கரிசலில், பத்து மாதம் மணலிலும் தாரிலும் என்றால், அந்த இரண்டு மாதத்துக்காக எம்.டி. வாங்க வேண்டாம். மழை விட்டு ஒரு நாள் பொறுத்துப் போகலாம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது

சேற்றில் போய்வந்த மறுநாள் இது வந்தால், ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். காய்ந்த களி ஒரு பக்கமாக அப்பியிருக்கும். கழுவினால் சரி. பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

கழுவியும் போகவில்லை என்றால் பேலன்சிங். அதற்கும் போகாமல், புது ரிம் போட்டதிலிருந்து உதறுகிறது என்றால், ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். ரிம் நட்டுகளில் மட்டும் தொங்கிக்கொண்டு, ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் கிடைக்கிறது, அளவெடுத்து வாங்கிப் போடுங்கள்.

உதறல் இல்லாமல் வண்டி அலைகிறது, பாம்பன் பாலத்தில் காற்றடித்தால் இழுக்கிறது என்றால், மணலிலிருந்து ஏறியபின் காற்றை நிரப்பினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். கரையில் வலைத்துண்டும் நைலான் கயிறும் மணலில் புதைந்து கிடக்கும். அது சக்கரத்தின் உள்பக்கம் சுற்றிக்கொண்டு பிரேக் குழாயை இறுக்கினாலும் ஒரு பக்கம் இழுக்கும். அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.

ஒரு பக்கமாகத் தேய்கிறது

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். டயர் 5, 6 டிகிரி சூடேறினால் 1 பி.எஸ்.ஐ. கூடும். நடுப்பகலில் பெட்ரோல் பங்கில் அளந்து "அதிகமா இருக்கு" என்று குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

இரண்டு டயர் மாற்றியபின் ஃபோர் வீலில் போட்டால் இறுகுகிறது

இது கவனமாகப் பார்க்க வேண்டியது. தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் வீலில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில்) போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்றால் உயரம் மாறி, ஒரே தூரத்துக்கு இரண்டும் வேறு வேறு சுற்று சுற்றும். மணலில் டயர் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கம் எல்லாம் கியர்பெட்டிக்குப் போகும். அதனால் தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டவே கூடாது, டயர் எல்லாம் ஒரே சைஸாக இருந்தாலும். திருப்பத்தில் பிடித்து நிற்பதும், டூ வீலுக்கு மாற்ற லீவர் வர மறுப்பதும் இதன் அறிகுறி. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கம் விட்டுக் கழன்றுவிடும்.

நாலு டயரையும் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். முன்னும் பின்னும் விரல் தடிமனுக்கு வித்தியாசம் வந்தால் நாலையும் ஒன்றாக மாற்றுவதே சரி. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகச் சுழற்சியில் மாற்றி மாட்டிக்கொண்டே வந்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும், இந்தக் குறையே வராது. ஒவ்வொரு 8,000 கிலோமீட்டருக்கும் நான் அப்படி மாற்றுகிறேன். வீல் நட்டுகளும் அந்தச் சாக்கில் ஒருமுறை கழன்று இறுகும், உப்பில் பூட்டிக்கொள்ளாது.

ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பின்கதவில் தொங்கி வெயிலும் உப்புக்காற்றும் வாங்கிய ஸ்டெப்னி, பட்டன் புதிதாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டினால் பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். மூக்கையூர் பக்கம் இருட்டில் நின்று அதை மாட்டும் நிலை வருவதற்கு முன், இன்றைக்கே டார்ச்சை எடுத்துப்போய் அந்த எண்ணைப் படித்துவிடுங்கள்.